குருதியமுக்கமும் கழுத்திலுள்ள காவலாளியும்

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதி வழியே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சென்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அடையலாம். சதுரமாகக் கட்டப்பெற்ற ஏழு சிறு கிணறுகள். ஒன்றன் சூடு மற்றொன்றன் சூட்டிலிருந்து சற்றே வேறுபடும். இராவணன் தன் தாயின் ஈமக்கடனை ஆற்றுதற்பொருட்டு நிலத்தை ஏழிடங்களில் குத்தி நீர் வருவித்தான் என்பது வழிவழி வந்த கதை. பெற்றோரை இழந்தோர் அந்தியேட்டிக் கிரியையின்பொருட்டு அங்கே செல்வது திருகோணமலை மக்களின் நெடுங்கால வழக்கம்.

அவ்வாறு சென்ற முதியவர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளலாம். காலை தொட்டு அவர் உணவு கொள்ளவில்லை. தருப்பை அணிந்து நெடுநேரம் சம்மணமிட்டிருந்தார். பின்னர்க் கிணற்றடியில் குந்தியிருந்து வாளி வாளியாக வெந்நீரை அள்ளி உடம்பில் வார்த்துக்கொண்டார். முழுக்கு முடிந்ததும் சடுதியாக எழுந்தார். எழுந்த மாத்திரத்தே கண் இருண்டது, காது அடைத்தது, அருகில் நின்ற மகனின் தோளை எட்டிப் பிடித்தார். ஐந்தாறு நொடிகள் கழிந்தன. இருள் விலகிற்று. "ஒன்றுமில்லைத் தம்பி, பசிக் களை" என்று கூறி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நடந்தார்.

ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது முழுவதும் சரியன்று. அந்த ஐந்தாறு நொடிகளுக்குள் அவருடைய உடம்பினுள்ளே ஓர் ஆபத்து நேர்ந்தது, அது கண்டறியப்பட்டது, செய்தி அனுப்பப்பட்டது, கட்டளை பிறந்தது, கட்டளை நிறைவேறியது. இவை யாவும் அவர் அறியாமலே நடந்தன. ஆபத்தைக் கண்டறிந்த காவலாளி இருக்குமிடம் அவருடைய கழுத்து. அக்காவலாளியின் தொழில் யாது, அவன் எதனைக் காண்பான், எதனைக் காணமாட்டான் என்பனவற்றை அறிந்துகொள்வது இன்று வீட்டுக்கு வீடு "பிரஷர்" என்ற சொல் வழங்கும் நிலையில் மிகவும் பயனுடையது.

முதலில் குருதியமுக்கம் என்பது எது என்று பார்க்க வேண்டும். இதயம் சுருங்கும்போது குருதியை நாடிகளுக்குள் தள்ளுகிறது. அங்ஙனம் தள்ளப்பட்ட குருதி நாடியின் சுவரை உட்புறமிருந்து அழுத்துகிறது. இந்த அழுத்தத்தை முதன்முதல் அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டு மதகுருவாகிய ஸ்டீபன் ஹேல்ஸ். அவர் ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடை நாடியில் ஒரு குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். குருதி அக்குழாயில் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறி நின்றது. 1733 ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூலில் இச்செய்தி உள்ளது. மனிதரில் இம்முறையைக் கையாள இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1896 இல் இத்தாலிய வைத்தியர் ரிவா ரொச்சி, கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையைக் கொண்டு அளக்கும் வழியைக் கண்டார். 1905 இல் உருசிய அறுவை வைத்தியர் கொரொட்கோவ், அப்பட்டைக்குக் கீழே காதுக்குழாயை வைத்து ஒலியைக் கேட்டு மேலெண், கீழெண் ஆகிய இரண்டையும் குறிக்கும் வழியைச் சேர்த்தார். குருதியினும் இரசம் பலமடங்கு பாரமுடையது. ஆதலால் எட்டடிக் குழாய்க்கு மாறாக ஒரு சாண் இரண்டு சாண் உயரமுள்ள இரசக் குழாயே போதியதாயிற்று. 120 மில்லிமீற்றர் இரசம் என்று வைத்தியர் சொல்லும்போது, ஏறத்தாழ 5 அடி உயரத்துக்குக் குருதியைத் தூக்கி நிறுத்தவல்ல விசை என்று பொருள் கொள்ளலாம்.

இவ்விசை எதற்காக வேண்டப்படுகிறது? மனிதன் நிமிர்ந்து நிற்கும் பிராணி. அவனுடைய மூளை இதயத்துக்கு மேலே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்துக்குக் குருதி ஏறுவதற்குள் 23 மில்லிமீற்றர் அளவு அமுக்கம் செலவாகிவிடும். அன்றியும், படுத்திருப்பவன் எழுந்து நின்றால் அரை லீற்றருக்கும் மேற்பட்ட குருதி நெஞ்சுப் பகுதியை விட்டு இறங்கி, வயிற்றிலும் கால்களிலும் உள்ள நாளங்களில் தங்கும். இதயத்துக்குத் திரும்பிவரும் குருதி குறையும்; திரும்புவது குறைந்தால் தள்ளுவதும் குறையும். ஏனைய உறுப்புகள் சற்றுப் பொறுத்திருக்கும். மூளையோ பொறுக்காது, குருதி நின்றுபோனால் பத்து நொடிக்குள் அறிவு தப்பிவிடும். விடியற்காலையில் பாயை விட்டு எழும் ஒவ்வொருவரும் இந்தச் சோதனைக்கு உட்பட்டே எழுகின்றனர். எழுந்தவர் விழுவதில்லை என்பதுதான் வியப்பு.

கன்னியாவில் நின்ற முதியவருக்கோ மேலும் சில இடர்கள் சேர்ந்திருந்தன. வெந்நீரின் சூட்டினால் தோலிலுள்ள நுண்குழாய்கள் விரிந்து குருதியின் ஒரு பகுதியை வாங்கி வைத்துக்கொண்டன. பட்டினியாலும் வியர்வையாலும் உடம்பில் நீர் குறைந்திருந்தது. இவற்றின்மேல் சடுதியாக எழுந்தார். கண் இருண்டதற்குக் காரணம் இத்துணையே. கோணேசர் கோயிலின் பக்கத்தே இராவணன் வெட்டில் நின்று கீழே கடலைப் பார்ப்பவர்க்கு வரும் தலைச்சுற்றை இதனோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அது கண்ணும் உட்செவியும் ஒன்றுக்கொன்று மாறான செய்தி கூறுவதால் விளைவது. அங்கே குருதியமுக்கம் வீழ்வதில்லை. பேச்சு வழக்கில் இரண்டையும் "தலைச்சுத்து" என்றே சொல்வதால் வைத்தியர்க்கும் நோயாளர்க்கும் இடையே வீண் குழப்பம் நேர்வதுண்டு.

இனிக் காவலாளியிடம் வருவோம். கழுத்தின் இரு மருங்கிலும் தலையை நோக்கி ஏறும் கழுத்து நாடிகள் உள்ளன. குரல்வளை மேட்டின் மேல்விளிம்பு அளவில், தாடையின் கோணத்துக்குச் சற்றுக் கீழே, ஒவ்வொரு நாடியும் இரண்டாகக் கிளைக்கிறது. ஒரு கிளை முகத்துக்கும், ஒரு கிளை மூளைக்கும் செல்லும். மூளைக்குச் செல்லும் கிளை தொடங்குமிடத்தில் நாடி சற்றே புடைத்திருக்கும். அவ்விடத்துச் சுவர் மெல்லியது. நீளுந் தன்மை மிக்கது. அச்சுவரின் புறப்படையில் நரம்பு நுனிகள் மரத்தின் வேர்போற் படர்ந்துள்ளன. இவையே அமுக்க வாங்கிகள். இதயத்திலிருந்து வெளிப்படும் பெருநாடியின் வளைவிலும் இத்தகைய நுனிகள் உண்டு. ஒரு காவல் உடம்புக்கெல்லாம் குருதி புறப்படும் வாயிலில். மற்றொரு காவல் மூளைக்குச் செல்லும் வாயிலில். காவலை எங்கே வைக்க வேண்டுமோ சரியாக அங்கேயே வைத்திருக்கிறது இயற்கை.

அமுக்க வாங்கி என்பது பெயரேயாயினும், உண்மையில் இந்நரம்பு நுனிகள் அமுக்கத்தை அளப்பதில்லை. அவை அளப்பது நாடிச் சுவரின் நீட்சியை. இவ்வேறுபாடு சொல் நுணுக்கம் அன்று. பின்னர்க் கூறப்போகும் தீமைகளுக்கெல்லாம் இதுவே வேர். துறைமுகத்துக் காவலன் ஒருவன் இருட்டறையில் இருக்கிறான் என்று கொள்வோம். கடல் அவனுக்குத் தெரியாது. இறங்குதுறையில் கட்டப்பட்டுள்ள வள்ளத்தின் கயிறு அவன் கையிற் படுகிறது. கயிறு விறைத்தால் கடல் பொங்குகிறது என்றும், தளர்ந்தால் கடல் அடங்குகிறது என்றும் அவன் அறிந்துகொள்கிறான். அவனுக்குத் தெரிந்த கடல் கயிற்றளவே. கழுத்திலுள்ள நரம்பு நுனியும் அத்தகையதே; அதற்குத் தெரிந்த அமுக்கம் சுவரின் நீட்சியளவே.

சுவர் நீளும்போது நரம்பு நுனியில் நிகழ்வது யாது என்ற வினாவுக்கு அண்மைக் காலத்தில்தான் தெளிவான விடை கிடைத்தது. 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆடெம் பட்டப்பூட்டியன் என்பாரின் ஆய்வுக்கூடத்தார் இரண்டு புரதங்களைக் கண்டறிந்து அவற்றுக்குப் பியசோ என்று பெயரிட்டனர். அழுத்துதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இப்புரதம் கலத்தின் மென்சவ்வில் ஒரு சிறு வாயிலாக அமைந்திருக்கிறது. சவ்வு இழுபட்டால் வாயில் திறக்கும்; மின்னேற்றமுள்ள அணுக்கள் உள்ளே பாயும்; நரம்பில் துடிப்பு எழும். இவ்விரு புரதங்களும் நரம்பு நுனிகளில் இல்லாதவாறு செய்யப்பட்ட எலிகளிடம் குருதியமுக்கத்தைச் சீர்செய்யும் இயல்பு அற்றுப்போனது என்பது 2018 இல் வெளியிடப்பட்டது. தொடுகை உணர்வின் வாயில்களைக் கண்டமைக்காகப் பட்டப்பூட்டியன், டேவிட் யூலியசு என்பாரோடு 2021 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கையால் ஒன்றைத் தொட்டறிவதும், நாடி தன் குருதியைத் தொட்டறிவதும் ஒரே வகைப் பொறியினால் ஆகின்றன என்பது எண்ணுந்தோறும் இன்பம் தருவது.

நரம்பில் எழுந்த துடிப்புகள் கழுத்திலிருந்து நாத்தொண்டை நரம்பின் வழியாகவும், பெருநாடியிலிருந்து வேகசு நரம்பின் வழியாகவும் மூளையின் அடிப்பகுதிக்கு ஏறுகின்றன. இங்கே ஒரு புதுமை உண்டு. ஆபத்து வந்தால் மணியடிக்கும் காவலன் அல்லன் இவன். எல்லாம் நலமாக இருக்கும்போது ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் ஒரு கொத்தாகத் துடிப்புகளை ஓயாது அனுப்பிக்கொண்டே இருப்பான். அமுக்கம் உயர்ந்தால் துடிப்புகள் நெருங்கும், தாழ்ந்தால் அருகும். அமுக்கம் மிக வீழ்ந்தால் அவன் வாய் மூடிவிடுவான். அந்த மௌனமே செய்தி. "எல்லாம் நலம்" என்ற குரல் நின்றவுடன் மூளை விழித்துக்கொள்கிறது.

விழித்த மூளை இரண்டு வழிகளில் செயற்படும். இதயத்தின்மேல் எப்பொழுதும் ஒரு கடிவாளம் உண்டு. அதுவே வேகசு நரம்பு. அக்கடிவாளத்தைத் தளர்த்துவது முதல் வழி. இது ஒரு நொடிக்குள் நடந்துவிடும். இதயம் விரைந்து துடிக்கத் தொடங்கும். பரிவு நரம்புகளைத் தூண்டுவது இரண்டாம் வழி. அவை கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிறு நாடிகளை நெருக்கும். நாளங்களை இறுக்கித் தேங்கிய குருதியை மேலே தள்ளும். இதயத்தின் அடியை வலுப்படுத்தும். இது சற்று மந்தமானது. சில நொடிகள் செல்லும். கன்னியா முதியவர் மகனின் தோளைப் பற்றி நின்றது இந்த இரண்டாம் வழி முற்றுப்பெறும் வரையிலேயே. அமுக்கம் மீண்டும் உயர்ந்ததும் காவலாளி பழையபடி பேசத் தொடங்குகிறான். கடிவாளம் மீண்டும் விழுகிறது.

இவ்வரலாறு ஒரே நாளில் தெரியவந்ததன்று. கழுத்து நாடியை அழுத்தினால் மயக்கம் வரும் என்பதைப் பழங்காலக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அந்நாடிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூளைக்குக் குருதி தடைப்படுவதால் மயக்கம் வருகிறது என்று எண்ணுவது எளிது. 1866 இல் லைப்சிக் நகரில் லுட்விக் என்னும் பேராசிரியரிடம் பயின்ற சியோன், முயலின் கழுத்தில் ஓடும் மெல்லிய நரம்பொன்றைத் துண்டித்து, மூளையோடு ஒட்டிய முனையைத் தூண்டினார். முயலின் குருதியமுக்கம் வீழ்ந்தது, இதயம் மந்தமாயிற்று. நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுசெல்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. 1920 களில் செருமனியின் கெலோன் நகரப் பேராசிரியர் ஹெரிங், கழுத்து நாடியை அழுத்தினால் இதயம் மந்தமாவது அந்நாடிப் புடைப்பிலுள்ள நரம்பினால் என்று நிறுவினார். பெல்ஜிய நாட்டின் கென்ற் நகரத்தில் கொர்னெய் ஹேமான்ஸ், தந்தையாருடன் சேர்ந்து செய்த நுண்ணிய சோதனைகளால் இப்பகுதியை மேலும் ஆராய்ந்தார். அப்புடைப்பின் அருகிலேயே குருதியின் ஒட்சிசன் அளவை அறியும் வேறொரு சிறு உறுப்பு இருந்து சுவாசத்தைச் சீர்செய்வதையும் காட்டினார். 1938 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

இந்தக் காவலாளியைப் புறத்திலிருந்தும் ஏமாற்றலாம். முதியோர் சிலரிடம் அவன் அளவுக்கு மிஞ்சிய கூச்சமுடையவனாகிவிடுகிறான். இறுக்கமான கழுத்துப்பட்டையோ, சவரக் கத்தியின் அழுத்தமோ, கழுத்தைச் சடுதியாகத் திருப்புவதோ போதும். அமுக்கம் ஏறிவிட்டது என்று பிழையாக உணர்ந்து இதயத்தை அடக்கிவிடுவான். மனிதர் மயங்கி விழுவார். சலூன்களில் முடிவெட்டியபின் கழுத்தைப் பிசைந்து நெரித்துவிடும் பழக்கம் சிலருக்குச் சுகமாயிருக்கலாம். வயது முதிர்ந்தோர் அதனை வேண்டாமென்று சொல்லிவிடுவது நன்று.

காவலாளியின் விரைவுக்கும் ஓர் எல்லை உண்டு. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து பிரித்தானிய அரிக்கேன் போர்விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அத்தகைய விமானத்தைச் செங்குத்தாகப் பாயவிட்டு மேலே இழுக்கும்போதோ, குறுகிய வட்டத்தில் திருப்பும்போதோ விமானியின் உடற்பாரம் ஐந்து மடங்காகலாம். குருதியும் உடம்பே ஆதலின் அதன் பாரமும் ஐந்து மடங்காகும். மூளைக்கு ஏறுவதற்குச் செலவாகும் 23 மில்லிமீற்றர் அப்பொழுது 115 ஆகிவிடும். இதயம் தருவதே 120 அளவுதான். ஆதலால் மூளைக்கு எஞ்சுவது ஏதுமில்லை. முதலில் நிறங்கள் மங்கும். பின் பார்வை இருளும். பின் அறிவு தப்பும். இவை சில நொடிகளில் நிகழ்வன. காவலாளியின் மறுமொழி முழு வலிமை பெறுவதற்குப் பத்து நொடியளவு வேண்டும். பகைவன் அத்தனை நேரம் பொறுத்திருக்கமாட்டான். கால்களையும் வயிற்றையும் அமுக்கிப் பிடிக்கும் உடுப்பு விமானிகளுக்காக இரண்டாம் உலகப் போரின்போதே உருவாக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

கடலோர மக்களுக்கு இதனினும் அண்மையான செய்தியொன்று உண்டு. கழுத்தளவு நீரில் நிற்பவனுடைய கால்களையும் வயிற்றையும் நீர் சுற்றி நின்று அமுக்குகிறது. அதனால் 700 மில்லிலீற்றர் அளவு குருதி நாளங்களிலிருந்து பிதுங்கி நெஞ்சுக்குள் வருகிறது. இதயமும் நாடிகளும் நிறைந்துவிட்டன என்று வாங்கிகள் அறிவிக்க, சிறுநீரகம் மிகுதியான நீரை வெளியேற்றுகிறது. நெடுநேரம் கடலில் நின்றவர்க்கு அடிக்கடி சிறுநீர் கழியும் உணர்வு வருவது இதனாலே. இப்பொழுது, வள்ளம் கவிழ்ந்து பல மணிநேரம் கடலில் மிதந்த ஒரு மீனவரை எண்ண வேண்டும். உடம்பின் நீர் வற்றியிருக்கிறது. குளிரும் களைப்பும் நரம்புகளை மந்தமாக்கியிருக்கின்றன. மீட்க வந்தவர்கள் கைகளைப் பிடித்து நேர்நிலையாக மேலே இழுக்கிறார்கள். சுற்றி நின்று தாங்கிய நீர் ஒரு கணத்தில் அகன்றுவிடுகிறது. குருதி கால்களுக்கு இறங்குகிறது. காவலாளி செய்தி அனுப்பினும் நிறைவேற்றும் வலிமை உடம்பில் இல்லை. கடலில் இருக்கும்வரை பேசிக்கொண்டிருந்தவர் வள்ளத்தில் ஏறியவுடன் மயங்கிச் சாய்வதும், சிலவேளை உயிர் நீங்குவதும் கடல் மீட்பில் நன்கறியப்பட்ட துயரங்கள். "விதி" என்று சொல்லிக் கண்ணீர் வடிப்பதன் முன், இயலுமிடத்தெல்லாம் படுத்த நிலையிலேயே அவரைத் தூக்க வேண்டும், தூக்கியபின்னும் எழுப்பி உட்காரவைக்காது படுக்கவைத்திருக்க வேண்டும் என்ற எளிய விதியைக் கரையோரக் கிராமங்கள்தோறும் சொல்லிவைக்கலாம்.

இதுவரை சொல்லியது காவலாளியின் திறமை. இனி அவனுடைய குறை.

இத்துணை விழிப்பான காவல் இருக்கும்போது, ஒருவருக்குக் குருதியமுக்கம் 160, 180 என்று ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பது எவ்வாறு? அமுக்கம் உயர்ந்தவுடன் வாங்கிகள் அதனை இறக்கிவிட வேண்டுமல்லவா? இவ்வினா ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் மயக்கிற்று. 1956 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மக்கபின், கிறீன், பேஜ் ஆகியோர், சிறுநீரக நோயால் நெடுநாள் உயர்ந்த அமுக்கமுடைய நாய்களின் கழுத்து நரம்பை ஆராய்ந்தனர். நரம்பு பழுதுபடவில்லை. அது வேலைசெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் உயர்ந்த அமுக்கத்தையே இயல்பான அமுக்கமாக எடுத்துக்கொண்டிருந்தது. முன்னர் 100 இல் "நலம்" என்று சொன்ன குரல், இப்பொழுது 150 இல் அதே "நலம்" என்ற குரலை அதே அளவில் சொல்லிக்கொண்டிருந்தது. கெடுதி அதனோடு நிற்கவில்லை. அமுக்கம் 150 இலிருந்து இறங்கினால் "ஆபத்து" என்று கருதி அதனை மீண்டும் ஏற்றவும் முற்படும். கடல் மெல்ல மெல்ல உயர்ந்து நிலைத்துவிட்டால், இருட்டறைக் காவலன் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, இதுவே பழைய கடல் என்று இருந்துவிடுவதைப் போன்றது இது.

1973 இல் கௌலி, லியார்ட், கைற்றன் ஆகியோர் வெளியிட்ட சோதனை மற்றொரு பக்கத்தைக் காட்டியது. நாய்களில் இந்நரம்புகள் யாவற்றையும் நீக்கிவிட்டு, இரவும் பகலும் தொடர்ச்சியாக அமுக்கத்தைப் பதிவுசெய்தனர். எழுந்தால், உண்டால், குரைத்தால், உறங்கினால் அமுக்கம் மலைக்கும் மடுவுக்குமாகத் தாவிற்று. ஆயினும் 24 மணிநேரச் சராசரியை எடுத்துப் பார்த்தால், அது பெரிதாக உயரவில்லை. இதிலிருந்து புலப்படுவது யாது? நொடிக்கு நொடி நேரும் ஏற்றத்தாழ்வைத் தணிப்பதே கழுத்துக் காவலாளியின் பிரதான தொழில். ஆண்டுக்கணக்கில் அமுக்கம் எம்மட்டத்தில் நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீரகத்துக்கு உரியது. அவன் மாற்றத்தைக் காண்பவன். மட்டத்தைக் காண்பவன் அல்லன்.

உயர் குருதியமுக்கம் உடையவர்க்குப் பெரும்பாலும் எவ்வகை உணர்வும் இல்லாதிருப்பது இதனோடு பொருந்திய செய்தி. வலியில்லை, காய்ச்சலில்லை, காவலாளியும் "நலம்" என்கிறான். ஆனால் அதே 160 அமுக்கம் மூளையின் சிறு நாடிகளையும், இதயத்தையும், சிறுநீரகத்தையும், கண்ணின் உட்திரையையும் நாள்தோறும் மோதிக்கொண்டிருக்கிறது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, குளிசையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்லும் தந்தையர் திருகோணமலையிலும் உண்டு, மூதூரிலும் கிண்ணியாவிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் யாரிடம் கேட்டறிந்து அவ்வாறு சொல்கிறார்களோ, அந்தச் சாட்சி விலைபோன சாட்சி. பாரிசவாதம் வந்து வாய் கோணும் நாளிலேதான் பலர்க்கு உண்மை தெரிகிறது. அந்நாளில் தெரிந்து பெரும்பயன் இல்லை.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். நிலாவெளி உப்பளமும், கடற்கரையெங்கும் காயும் கருவாடும் இம்மாவட்டத்தின் செல்வங்கள். கருவாட்டைக் குறை கூறினால் ஒருவரும் கேட்கமாட்டார். எனினும் ஒருவர் நாளொன்றுக்குக் கொள்ளத்தக்க உப்பு 5 கிராமுக்கு உட்பட்டது, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாட்டுக் குழம்பிலும், ஊறுகாயிலும், கடையில் வாங்கும் பொரித்த பண்டங்களிலும் உள்ள உப்பு யாவும் இக்கணக்கில் அடங்கும். கருவாட்டை நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமைக்கும் பழைய வழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று போலும்.

வயது முதிர முதிர மற்றொரு மாற்றமும் நேரும். நாடிச் சுவர் நெகிழ்ச்சி இழந்து விறைத்துப்போகிறது. இருட்டறைக் காவலனின் கையிலுள்ள கயிற்றை எடுத்துவிட்டு ஓர் இரும்புக் கம்பியைக் கொடுத்ததற்கு ஒப்பு. கடல் எவ்வளவு அலைந்தாலும் கம்பி நீளாது. அவனுக்குச் செய்தி போதியவாறு கிட்டாது. அதனாற்றான் ஒரே முதியவரிடம், பார்வைக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குறைகள் சேர்ந்து காணப்படுகின்றன. கதிரையில் இருக்கும்போது அமுக்கம் மிக உயர்ந்து நிற்கும். எழுந்து நின்றாலோ மிக இறங்கிவிடும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, கிணற்றடிக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியோர் பலருடைய கதை இதுவே. நீரிழிவு நோய் நெடுங்காலம் இருந்தால் நரம்புகளும் கெடுவதால் இத்தீங்கு இரட்டிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எழும்போது தலை கிறுகிறுக்கிறது என்பதற்காகச் சிலர் தாமாகவே குளிசையை விட்டுவிடுகின்றனர். கிறுகிறுப்பு உண்மை, குளிசை அதற்கு ஒரு காரணமாயிருத்தலும் கூடும். ஆனால் அதனை நிறுத்தினால் இருக்கும்போதுள்ள அமுக்கம் மேலும் ஏறும். அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா, வேறு குளிசை கொடுப்பதா என்பது வைத்தியர் தீர்க்கவேண்டியது. அவர் தீர்ப்பதற்கு, எழும்போது கிறுகிறுக்கிறது என்பதை நோயாளர் வாய்திறந்து சொல்ல வேண்டும். நெரிசலான கிளினிக்கில் முறைக்காகக் காத்திருந்து உள்ளே சென்றவர்கள் இதனைச் சொல்ல மறந்து வெளியே வருவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் செய்யத்தக்கது, காவலாளிக்குச் சற்று அவகாசம் கொடுப்பதே. படுக்கையிலிருந்து எழுபவர் முதலில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பலமுறை அசைத்து, கெண்டைக்கால் தசைகளால் குருதியை மேலே பிழிந்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வெயிலில் நடந்து வந்த உடனேயோ, தேநீர் அருந்தியோ புகை பிடித்தோ அரைமணி கழியாத முன்போ அளப்பது பிழையான எண்ணைத் தரும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைப் பின்னாது நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாதிருந்தபின், கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. வேறுவேறு நாட்களில் அளந்தும் எண் 140 க்கு 90 அல்லது அதற்கு மேலாகவே நின்றால் அது உயர்வு. வயது அறுபதைக் கடந்தவரும், நீரிழிவு உடையவரும், விழுந்தெழுந்தவரும், இருந்தபடி அளந்ததோடு நிறுத்தாமல், எழுந்து நின்று முதலாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மீண்டும் அளக்குமாறு கேட்க வேண்டும். நின்றபோது மேலெண் 20 அளவோ, கீழெண் 10 அளவோ இறங்கியிருந்தால், இருந்த எண், நின்ற எண் இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வருவது நல்லது.